அரைக்கிலோ கல்

என் வாழ்நாளில் நான் திருடிய பொருள்களின் மொத்த எடை அரைக்கிலோ. அதையும் இரண்டே நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் யார் விடுகிறார்கள்? இன்றைக்கும் வீட்டு விசேஷங்களில் பந்தியில் உட்கார்ந்தால், "ஏம்மா, கல்லு ஒண்ணு கொறையுதே, எங்கனா பாத்தியா?" என்று என்னைக் கேட்காமல் சித்தப்பா இலையை மூடமாட்டார். எனக்கு முப்பது தாண்டிவிட்டது. ஒரு பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிறேன். அந்தப் பிள்ளைகள் முன்னால் பார்த்தாலும் கேட்பார், வெட்கமில்லாத மனுஷர்.

அப்போது எனக்கு எட்டு வயது. நெட்டப்பாக்கத்திலிருந்து மடுகரைக்குப் போகும் வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி எங்கள் ஊர். எங்கள் கரும்புக் கொல்லை புதுச்சேரியில் இருந்தது, வரப்பைத் தாண்டினால் தமிழ்நாடு. எங்கள் ஆடு தினமும் இரண்டு பக்கமும் மேய்ந்துவிட்டு வரும். அந்த வருஷத்து ஐப்பசி அடைமழையில்தான் தம்பி பிறந்தான். சொன்ன நாளுக்கு மூன்று வாரம் முந்திக்கொண்டு வந்துவிட்டான். அவனுக்கு எதிலும் அவசரம்தான். இன்றைக்கும் பஸ் நிற்பதற்கு முன்பே இறங்குகிறவன்.

ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவை அழைத்து வந்து, துணி மூட்டையைப் பிரித்து எனக்குக் காட்டினார்கள். எனக்குப் பெரிய ஏமாற்றம். மழையில் நனைந்த அணில்குஞ்சு மாதிரி ஏதோ ஒன்று சுருண்டு கிடந்தது. "இதுக்கா இத்தினி நாளு?" என்று கேட்டு அப்பாவிடம் ஒரு குட்டு வாங்கினேன்.

அம்மாவுக்கு அம்மா கிடையாது. அதனால் பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ள அத்தை வந்தாள். அத்தை, அப்பாவுக்கு அக்கா. திருவாண்டார்கோயிலில் வாழ்க்கைப்பட்டவள். மாமாவுக்கு அங்கே ஒரு கம்பெனியில் வேலை. அத்தை இருந்தது ஒரு வீடு. பக்கத்து ஊரில் மாமாவுக்கு இன்னொரு வீடு இருந்தது, அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். அத்தை வீட்டில் பிள்ளை கிடையாது, ஒரு கறவை மாடு இருந்தது. இரண்டு வீடு வைத்திருக்கிற எங்கள் மாமா பெரிய பணக்காரர் என்று நான் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டு திரிந்தேன். நல்லவேளை, யாரும் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

மாட்டைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, ஒரு துணிப்பையோடு அத்தை வந்து இறங்கினாள். அன்றிலிருந்து வீடு அவள் கையில். விடியலில் எழுந்து வெந்நீர் போடுவாள், பூண்டு உரிப்பாள், பிள்ளை பெற்றவளுக்கான மருந்தை இடிப்பாள். அம்மாவின் துணிகளையும் தம்பியின் துணிகளையும் துவைத்து, மழைக்குக் காயாது என்று அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயவைப்பாள். பத்தியம் என்றால் அவளிடம் பத்தியம்தான். அம்மா ஒரு வாய் தண்ணீர் கூடுதலாகக் கேட்டால் போதும், "பச்ச ஒடம்பு, நீர் கோத்துக்கும்" என்று சொம்பை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். எல்லாம் செய்வாள், ஒன்றைத் தவிர. தம்பியைத் தொடமாட்டாள்.

அவனைக் குளிப்பாட்ட எதிர்வீட்டுப் பெரியம்மா வருவாள். ஐந்து பெற்று ஐந்தையும் ஆளாக்கியவள். தெருவில் எந்தப் பிள்ளை பிறந்தாலும் அவள் காலில் போட்டுத்தான் முதல் குளியல். அத்தை வெந்நீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் போய்ச் சுவரோடு நின்றுகொள்வாள். தம்பி அழுதால், "ஏம்மா, புள்ள அழுவுது பாரு" என்று அசந்து தூங்குகிற அம்மாவை எழுப்புவாளே தவிர, கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தாலும் கையை நீட்டமாட்டாள். அத்தைக்குத் தம்பியைப் பிடிக்கவில்லை என்று நான் முடிவு கட்டினேன். எனக்கும் அவனைப் பிடிக்காததால் அத்தைமேல் எனக்கு மரியாதை கூடியது.

அவனுக்காக அவள் தன் கையால் செய்தது ஒன்றே ஒன்றுதான். கதிர் அறுக்கிற கருக்கரிவாளைக் கொண்டுவந்து அவன் தலைமாட்டில் வைத்தாள். இரும்பு இருந்தால் காத்து கருப்பு அண்டாதாம்.

அந்த அரிவாளை வைத்துத்தான் அத்தைக்கும் நர்ஸம்மாவுக்கும் முதல் சண்டை வந்தது. நர்ஸம்மா எங்கள் ஊர் சுகாதார சப்-சென்டரில் இருந்தவர். கர்ப்பிணிகளுக்கு ஊசி போடுவதோடு அவர் வேலை முடியாது. பிள்ளை பெற்று வந்தவர்களின் வீட்டுக்கு மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று நாள் தவறாமல் மொபெட்டில் வருவார். மழை பெய்தால் உரச்சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகக் கவிழ்த்துக்கொண்டு வருவார். வந்ததும் யாரோடும் பேசாமல் கொல்லைப்பக்கம் போய், முழங்கை வரை சோப்புப் போட்டுக் கை கழுவுவார். அவர் கழுவி முடிப்பதற்குள் நான் இரண்டாம் வாய்ப்பாட்டை முழுதாகச் சொல்லிவிட்டு மூன்றாம் வாய்ப்பாட்டில் பாதி வந்துவிடுவேன்.

"இன்னாம்மா இது, பச்சப் புள்ள தலமாட்டுல அருவா? கதிர் அறுக்கவா போவப் போறான்?"

"இரும்பு இருக்கணும் நர்ஸம்மா" என்றாள் அத்தை.

"இருக்கட்டும், கட்டிலுக்கு அடியில இருக்கட்டும். வர்ற காத்து கருப்பு குனிஞ்சு பாத்துக்கும்."

அத்தை அரிவாளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். தோற்றுப்போனதாக முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

நர்ஸம்மா முதலில் அம்மாவைத்தான் பார்ப்பார். கண்ணை இழுத்துப் பார்ப்பார், வயிற்றை அமுக்கிப் பார்ப்பார், தையலைப் பார்ப்பார். இன்னா துன்ன, எவ்ளோ தண்ணி குடிச்ச, தூங்கினியா, ஏன் மொகம் இப்பிடி இருக்குது என்று கேட்டுக்கொண்டே போவார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டுவாள். அதற்கப்புறம்தான் தம்பி. கடைசியில் பையிலிருந்து அந்தத் தராசு வெளியே வரும்.

அது நம் கடைத்தராசு மாதிரி தட்டு வைத்ததல்ல. டார்ச் லைட் மாதிரி நீளமான ஒரு குழாய், மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு கொக்கி. மேல் கொக்கியை விட்டத்தில் தொங்கும் கயிற்றில் மாட்டுவார். கீழ்க் கொக்கியில் ஒரு துணித்தூளி. குழாயின் மேல் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று நிறம் பூசியிருக்கும். தம்பியைத் தூளியில் கிடத்தினால் ஒரு முள் கீழே இறங்கும். பச்சைக்கு வந்தால் பிள்ளை தேறிவிட்டது, மஞ்சள் என்றால் பரவாயில்லை, சிவப்பு என்றால் ஆபத்து. "புள்ளயப் போயி பூசணிக்கா மாதிரி தூக்குல போடுறாங்களே" என்று பெரியம்மா தாடையில் கை வைத்துக்கொள்வாள். நிறுத்து முடித்ததும் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவாள்.

ஏழாம் நாள் முள் சிவப்பில் நின்றது. மூன்றாம் நாளைவிடக் குறைவு.

"எல்லாப் புள்ளையும் பொறந்து கொஞ்சம் எறங்கும். ஆனா இவன் எறங்கித் தாங்கற புள்ள இல்ல, இருக்கிறதே கொஞ்சம்" என்றார் நர்ஸம்மா. "வர்ற வியாழக்கெழம வரேன். அதுக்குள்ள முள்ளு மஞ்சளத் தொடணும். தொடலன்னா பெரிய ஆஸ்பத்திரிதான். இதுல பேச்சே கெடையாது."

பெரிய ஆஸ்பத்திரி என்றால் எனக்குத் தெரியும். போன வருஷம் எங்கள் தெருக் கடைசி வீட்டு அக்கா அங்கே போனாள். போகும்போது துண்டில் சுற்றிய பிள்ளை கையில் இருந்தது. வரும்போது துண்டு மட்டும் இருந்தது.

அன்று சாயங்காலம் தம்பிக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டு, சும்மா விரலை நீட்டினேன். பிடித்துக்கொண்டான். விடவே இல்லை. நகம்கூட ஒழுங்காக வளராத விரல், என்ன பிடி பிடித்தது தெரியுமா! அவனைப் பிடிக்காது என்ற முடிவை அங்கேயே படுத்தபடி மாற்றிக்கொண்டேன். அத்தையிடம் மட்டும் சொல்லவில்லை. கட்சி மாறிவிட்டேன் என்று கோபித்துக்கொள்வாளோ என்று பயம்.

மறுநாள் குழாயடியில் பெரியம்மா நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "புள்ள எப்பிடித் தேறும்? வூட்டுக்குள்ளயே ஒரு கண்ணு குந்திக்கினு இருக்குது." நாள் முழுக்க அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது நான்தானே! அன்றிலிருந்து அந்த அறையைக் கடக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நடந்தேன், இரண்டு தடவை கதவில் முட்டிக்கொண்டேன். பெரியம்மா சொன்னது அத்தை காதுக்கும் போயிருக்கவேண்டும். அவளும் அறைப்பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டாள். வாசற்படியில் நின்று கஞ்சியை நீட்டிவிட்டுப் போய்விடுவாள்.

நாள் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. தம்பியைப் பார்த்தால் ஏறுகிற மாதிரி தெரியவில்லை. அவன் ஏறாவிட்டால் என்ன, முள் இறங்கினால் போதுமே என்று புதன்கிழமை எனக்குப் புத்தி வந்தது.

தெருமுனையில் சித்தப்பாவின் மளிகைக்கடை. சித்தப்பா உள்ளே அரிசி அளக்கப் போன சமயம் பார்த்து, கல்லாவுக்குப் பக்கத்தில் வரிசையாக இருந்த எடைக்கற்களைப் பார்த்தேன். இருநூறு கிராம் போதும் என்று அறிவு சொன்னது. கூடப்பிறந்தவனுக்குக் கொடுப்பதில் என்ன கஞ்சத்தனம் என்று மனசு சொன்னது. அரைக்கிலோ கல்லை எடுத்துப் பாவாடையில் சுருட்டிக்கொண்டு ஓடிவந்தேன். வெல்லம் நிறுத்த கல், வழியெல்லாம் கையில் பிசுபிசுவென்று ஒட்டியது.

வியாழக்கிழமை நர்ஸம்மா வந்தார். அன்றைக்கு முதல் வேலையாகத் தராசை மாட்டினார், வெறும் தூளியைத் தொங்கவிட்டு முள் சரியாக நிற்கிறதா என்று பார்த்தார். கை கழுவக் கொல்லைக்குப் போனார். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பெரியம்மா வாசலில் கால் அலம்பிக்கொண்டிருந்தாள், அத்தை அடுப்படியில். ஈரிரண்டு நாலு என்று ஆரம்பிக்கும்போதே கல்லைத் தூளிக்குள் போட்டு, மடிப்பை இழுத்து மூடிவிட்டு மூலைக்கு வந்துவிட்டேன்.

நர்ஸம்மா ஈரம் போகக் கையை உதறிக்கொண்டு வந்து, தம்பியைத் தூக்கித் தூளியில் கிடத்தினார். முள் சரசரவென்று இறங்கியது. சிவப்பைத் தாண்டியது, மஞ்சளில் கிடுகிடுவென்று ஓடியது, பச்சைக்கு ஒரு விரல்கடையில் போய் நின்றது. பெரியம்மா "மாரியாத்தா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அம்மா எழுந்து உட்கார்ந்தாள். அம்மா சிரித்தாள். தம்பி பிறந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நர்ஸம்மா மட்டும் சிரிக்கவில்லை. "ஒரு வாரத்துலயா? கன்னுக்குட்டிகூட இப்பிடி ஏறாதே" என்று முணுமுணுத்தார்.

அதற்குள் தம்பி வீரிட்டு அழ ஆரம்பித்தான். அவனைத் தூளியிலிருந்து தூக்கினார். தூக்கினால் முள் பழையபடி மேலே போகவேண்டுமல்லவா? அது எனக்குத் தோன்றவே இல்லை. வெறும் தூளி, ஆனால் முள் அரைக்கிலோவில் நின்றது. நர்ஸம்மா தம்பியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, தூளிக்குள் கையை விட்டுக் கல்லை வெளியே எடுத்தார். தம்பியின் முதுகில் கல் உறுத்திய இடம் சிவந்து போயிருந்தது. அம்மாவின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"யாரு பாத்த வேல இது?" என்று கேட்டாள் பெரியம்மா. கேட்டுவிட்டு என்னைப் பார்க்கவில்லை. சத்தம் கேட்டு அடுப்படி வாசலில் வந்து நின்ற அத்தையைப் பார்த்தாள். "புள்ள பெத்தவளா இருந்தா இப்பிடி செய்வாளா?"

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? நான் மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றேன். அத்தை என்னைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். என் பாவாடையில் வெல்லக் கறைமேல் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது.

"நாந்தான் வெச்சேன்" என்றாள் அத்தை. "இரும்பு. காத்து கருப்பு அண்டக் கூடாதுன்னு."

நர்ஸம்மாவும் எறும்பைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். கல்லைத் தன் பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, தம்பியைத் திரும்ப வாங்கி நிறுத்தார். முள் சிவப்பில் நின்றது. போன வாரத்தைவிட இரண்டு கோடு ஏறியிருந்தது. மஞ்சளுக்கு இன்னும் இரண்டு கோடு இருந்தது.

அம்மா சத்தமில்லாமல் அழுதாள். நர்ஸம்மா தரையில் உட்கார்ந்து, தம்பியின் பாதத்தைத் தன் கைக்குள் வைத்துப் பார்த்தார். "பாரு, கால் ஜில்லுன்னு கெடக்குது. குடிக்கிற பாலெல்லாம் சூடு புடிக்கறதுக்கே செலவாவுது. ஏறுறதுக்கு எங்கேந்து மிச்சம்? ஆனா எறங்கல, ஏறியிருக்கான். நல்லா உறிஞ்சறான். ரெண்டு நாளு பாக்கறேன். சனிக்கெழம வரேன். அன்னிக்கும் தொடலன்னா நானே வண்டி வெச்சுக் கூட்டிக்கினு போவேன்."

அப்புறம் அத்தையைப் பார்த்துத் திரும்பினார். "நீ மாடு வெச்சிருக்கிறியாமே?"

"ஆமா."

"தண்ணி காட்டாத மாட்டுல என்னிக்காவது பால் கறந்திருக்கிறியா?"

அத்தை அடுப்படிக்குள் போய்ச் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அம்மா பக்கத்தில் வைத்தாள்.

"இன்னொண்ணு. இவன் நெஞ்சோட நெஞ்சாவே கெடக்கணும். நடுவுல துணி கூடாது. ஒடம்புச் சூடுதான் இவனுக்கு மருந்து" என்றார் நர்ஸம்மா. "பெத்தவ ஒருத்தியால நாள் முழுக்க முடியாது, தையல் வலிக்கும், தூங்கணும். இன்னொரு ஆளு வேணும்."

பெரியம்மாவுக்கு அந்த நேரத்தில்தான் வீட்டில் உலை வைத்த ஞாபகம் வந்தது. கிளம்பிப் போனாள்.

"நீதான் இருக்கியேம்மா" என்றார் நர்ஸம்மா அத்தையிடம்.

அத்தை இரண்டடி பின்னால் போனாள். "நான் தொடக் கூடாது நர்ஸம்மா."

"ஏன், கையில புண்ணா?"

"ராசியில்லாத கை. பெத்தவ கை இல்ல."

அத்தையின் கையை நான் எட்டிப் பார்த்தேன். பூண்டு உரித்த மஞ்சள் தெரிந்தது. சாம்பலும் சோப்பும் பட்டு வெடித்திருந்தது. வேறு கோளாறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நர்ஸம்மா தன் இரண்டு கைகளையும் அத்தை முன்னால் விரித்துக் காட்டினார். "நானும் பெத்தவ இல்ல. இந்தத் தெருவுல பாதிப் புள்ளைங்கள இந்தக் கைதான் வாங்கியிருக்குது. ராசியெல்லாம் எனக்குத் தெரியாது, கழுவிட்டுத் தொடுவேன், அவ்ளோதான். நீயும் போயி கழுவிக்கினு வா."

அத்தை அசையவில்லை. அம்மாதான் பேசினாள். அவ்வளவு நாளும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்த அம்மா, "அண்ணி, போயிட்டு வாங்க அண்ணி. அவன ஒங்ககிட்டதான் குடுக்கணும்" என்றாள்.

அத்தை கொல்லைக்குப் போனாள். நான் வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு முடிந்தது, மூன்று முடிந்தது, நாலும் முடிந்தது. அஞ்சாம் வாய்ப்பாட்டில்தான் திரும்பி வந்தாள். முழங்கைக்கு மேலேயும் நனைந்திருந்தது, முகமும் நனைந்திருந்தது.

நர்ஸம்மா அவளைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து, ரவிக்கையின் கொக்கிகளைக் கழற்றச் சொன்னார். தம்பிக்குத் தலையில் குல்லாவும் இடுப்பில் ஒரு துணியும் மட்டும். அவனைக் குப்புற அவள் நெஞ்சில் வைத்து, கன்னத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, அவள் புடவைத் தலைப்பாலேயே இரண்டு பேரையும் சேர்த்துச் சுற்றிக் கட்டினார். "மூக்கு எப்பவும் தெரியணும். நீ சாஞ்சு தூங்கிடக் கூடாது. மூச்சு விடு, மூச்ச அடக்கினு இருக்காத" என்றார். அத்தை அப்போதுதான் மூச்சு விட்டாள்.

கிளம்பும்போது வாசலில் என் கையில் கல்லை வைத்தார். "கடையில வெச்சிடு. காலையிலேந்து ஒங்க சித்தப்பன் சக்கரைய கண்ணளவுல அள்ளிப் போட்டுக்கினு இருக்கான், ஊரே அங்கதான் நிக்குது."

அன்று மத்தியானம் நான் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். அம்மா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அத்தை வைத்த இடத்தில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். தலைப்புக்கு வெளியே தம்பியின் மூக்கு மட்டும் தெரிந்தது. அத்தையின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து கழுத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்க அவள் கையைக்கூட எடுக்கவில்லை. பெரியம்மா சொன்ன சொல்லுக்குத்தான் அழுகிறாள், எல்லாம் என்னால்தான் என்று எனக்குத் தாளமுடியவில்லை. பக்கத்தில் போய் மண்டியிட்டு, "அத்த, கல்லு நாந்தான் வெச்சேன்" என்றேன்.

"தெரியும். மெதுவா பேசு, தூங்கறான்."

"ஒனக்குக் கோவம் இல்லியா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் அழுவுற?"

அத்தை குனிந்து அவன் உச்சியை மோந்து பார்த்தாள். "எவ்ளோ சூடா இருக்கான் பாரேன்" என்றாள்.

ஐயோ, ஜுரம்! நான் அலறியடித்துப்போய் அம்மாவை எழுப்பினேன். அம்மா பதறி எழுந்து வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, என் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, மறுபடி போய்ப் படுத்துக்கொண்டாள். ஜுரம் இல்லையென்றால் எதற்கு அழவேண்டும்? ஒருவேளை மேலே ஒன்றுக்குப் போய்விட்டானோ என்று நினைத்தேன். கேட்கலாமென்று பார்த்தால் அத்தை கண்ணை மூடியிருந்தாள். தூங்கவில்லை, அவள் பெருவிரல் அவன் முதுகில் அந்தச் சிவந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தது.

அந்த இரண்டு நாளும் வீடு தலைகீழாகிவிட்டது. அம்மா பால் கொடுக்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் தம்பி அத்தை நெஞ்சில். அடுப்படி வேலை அப்பா தலையில் விழுந்தது. அம்மாவுக்குப் பால் ஊறட்டும் என்று மீன்காரம்மாவிடம் பால்சுறா வாங்கி, அத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லச் சொல்ல, அப்பா புட்டு செய்தார். மஞ்சள் கூடிப்போய்விட்டது, ஆனாலும் அம்மா தட்டை வழித்துச் சாப்பிட்டாள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். நான் கல்லைக் கடையில் வைக்கப்போய் சித்தப்பாவிடம் கையும் களவுமாகப் பிடிபட்டேன். வைத்த கையையே பிடித்துக்கொண்டு திருடி என்று கத்தினாரே, எடுத்தபோது எங்கே போனார்?

சனிக்கிழமை நர்ஸம்மா வந்தார். வேடிக்கை பார்க்கப் பெரியம்மாவும் வந்தாள், அவளோடு இன்னும் இரண்டு பேர். அத்தை நெஞ்சிலிருந்து தம்பியைப் பிரித்தெடுத்தபோது அவன் சிணுங்கினான். தூளிக்குள் கையை விட்டு நாலு மூலையும் துழாவிப் பார்த்துவிட்டு, ஓரக்கண்ணால் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் நர்ஸம்மா அவனைக் கிடத்தினார். முள் இறங்கியது. சிவப்பு முடிகிற இடத்தில் நின்று ஆடியது. குழாயை ஒரு தட்டுத் தட்டினார். மஞ்சளின் முதல் கோட்டில் வந்து நின்றது.

"ஆங், தொட்டுட்டான்" என்றார் நர்ஸம்மா. தேர்வு எழுதியவளே தான்தான் என்பது போல அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கும் துணிய நல்லா ஒதறிப் பாருங்க. இந்த வூட்ல எத நம்பறது?" என்றாள் பெரியம்மா.

எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ. "அன்னிக்குக் கல்லு வெச்சது நாந்தான்! அத்த இல்ல! சித்தப்பா கடையிலேந்து நாந்தான் எடுத்தாந்தேன்!" என்று கத்தினேன். அத்தை சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், "சின்னப் புள்ள, அவளுக்கு இன்னா தெரியும், ஒளறுது" என்று என் வாயைப் பொத்தினாள். "தெரியும்" என்று சொல்லிக்கொண்டே நர்ஸம்மா தராசைக் கழற்றிப் பைக்குள் வைத்தார்.

முப்பதாம் நாள் தொட்டில் போட்டார்கள். தம்பிக்குக் கன்னத்தில் கொஞ்சம் சதை வந்திருந்தது, அணில் அடையாளம் போய்விட்டது. தெருப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். பிள்ளையைத் தொட்டிலில் போட்டுக் காதில் பெயர் சொல்லவேண்டியது அத்தை முறை. முறை அப்படி இருந்தாலும், ஐந்து பெற்றவள் என்று பெரியம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து தம்பியைக் கையில் வாங்கி வைத்திருந்தாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அத்தை அடுப்படியில் பாயசம் கிளறிக்கொண்டிருந்தாள்.

நர்ஸம்மா அன்று தராசு இல்லாமல் வெறுங்கையோடு வந்திருந்தார். வந்ததும் வழக்கம்போலக் கை கழுவினார். கழுவிவிட்டு நேராகப் பெரியம்மாவிடம் போய், "குடுங்க, கண்ணுல மஞ்ச இருக்குதான்னு பாக்கணும்" என்று தம்பியை வாங்கினார். வெளிச்சத்தில் காட்டி இரண்டு கண்ணையும் பார்த்தார். பார்த்து முடித்தவர், பேசிக்கொண்டே மறந்துபோய் நடப்பவர் மாதிரி அடுப்படி வரைக்கும் போய்விட்டார். "கரண்டிய வெச்சிட்டு இவனப் புடிம்மா, எனக்குக் கை வலிக்குது" என்று அத்தையிடம் கொடுத்துவிட்டுக் கரண்டியைத் தான் வாங்கிக்கொண்டார். இத்தனூண்டு பிள்ளையைத் தூக்கியதற்கே கை வலிக்கிறதென்றால் நர்ஸம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று நான் பரிதாபப்பட்டேன்.

"அண்ணி, இங்க வாங்க" என்று அம்மா தொட்டிலுக்குப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாள். "நீங்கதான் பேரு சொல்லணும்."

அத்தை வந்தாள். தம்பியைத் தொட்டிலில் கிடத்தினாள். பேசிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் பேச்சை நிறுத்தினார்கள். பெரியம்மா தன் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வளையல் சத்தம்கூட இல்லை. அத்தை குனிந்து அவன் காதில் ஒரு தரம் சொன்னாள். காற்றுதான் வந்தது. இரண்டாம் தரமும் அப்படித்தான், உதடு மட்டும் அசைந்தது.

அத்தனை பேர் ஏன் அப்படி வாயடைத்து நிற்கிறார்கள் என்று எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. பெயர் கேட்கவில்லை, கேட்பதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பாவம் அத்தை, இது புரியாமல் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாளே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

"சத்தமா சொல்லு அத்த!" என்று கத்தினேன். "ஒனக்காகத்தான் எல்லாரும் சும்மா நிக்கறாங்க!"

அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அங்கே நின்ற ஒவ்வொருத்தியையும் பார்த்தாள். பிறகு மூன்றாம் தரம், சித்தப்பா கடை வரைக்கும் கேட்கும்படி என் தம்பியின் பெயரைச் சொன்னாள்.